பூட் ஆகும் பென்டிரைவ்: கணினி எப்படி எழுகிறது, எந்தப் படியில் சறுக்குகிறது

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அந்தச் செய்தி மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று விதமாகத் திரிந்துவிட்டது. "இனிமேல் விண்டோஸ் 10 கணினி ஓடவே ஓடாதாம்" என்பது ஒன்று. "விண்டோஸைப் பென்டிரைவில் காப்பி பண்ணிச் செருகினால் வேலை முடிந்தது" என்பது இன்னொன்று. "ஃபார்மேட் பண்ணினால் லைசென்ஸ் போய்விடும், திரும்பக் காசு கொடுத்துத்தான் வாங்கணும்" என்பது மூன்றாவது. முதலாவதும் மூன்றாவதும் தவறு. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிதான் பலரைச் சிக்க வைக்கிறது.

பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பல வீடுகளில் ஒரே ஒரு கணினிதான். பெரும்பாலும் ஈப்போவில் வாங்கிய பழைய அலுவலக மடிக்கணினி. பிள்ளையின் எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) பயிற்சித் தாள், அம்மாவின் பலகாரக் கணக்கு, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அதே இயந்திரத்தில்தான். அது நின்றுபோனால் கடைக்காரர் சொல்வதற்குத் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை என்ற நிலை மாற வேண்டும். இயங்குதளத்தை மறுபடி நிறுவும் பென்டிரைவை வீட்டிலேயே செய்யலாம். அது எந்த அடிப்படையில் வேலை செய்கிறது என்று ஒருமுறை விளங்கிவிட்டால், திரையில் வரும் பிழைச் செய்திகளைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அவை ஒவ்வொன்றும் கணினி எழும் வரிசையில் ஏதோ ஒரு படியைத்தான் சுட்டுகின்றன.

எது நின்றது, எது நிற்கவில்லை

நின்றது புதுப்பிப்பு மட்டும். கணினி நேற்றுப்போலவே எழும், வேர்டு திறக்கும், அச்சு எடுக்கும். ஆனால் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க யாரும் வரமாட்டார்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை. விரும்பாதவர்கள் 30 அமெரிக்க டாலர் கட்டலாம். நீட்டிப்பு முடிந்தபின் இருக்கும் வழிகள் விண்டோஸ் 11, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம், புதுக் கணினி ஆகியவைதான்.

தகுதியுள்ள கணினி நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தால், விண்டோஸ் 10-க்குள் இருந்தபடியே 11-க்கு ஏறலாம். அதற்குப் பென்டிரைவ் தேவைப்படாது. விண்டோஸ் எழவே மறுக்கும்போதும், வைரஸ் புகுந்து நம்பிக்கை போய்விட்டபோதும், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போடும்போதும், லினக்ஸுக்கு மாறும்போதும் பென்டிரைவ்தான் கைகொடுக்கும்.

பொத்தானை அழுத்தியதும் நடப்பது

கணினிக்கு உயிர் வரும் அந்தச் சில நொடிகளில் வேலை கைமாறிக் கைமாறிப் போகிறது.

1. மதர்போர்டில் உள்ள ஒரு சிப்பில் ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல் எப்போதும் இருக்கும். மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது அதுதான். ரேம், விசைப்பலகை, டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்து இதன் பெயர் பயாஸ். இன்றைய கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐ. பழக்கத்தில் இரண்டையும் பயாஸ் என்றே சொல்கிறோம்.

2. எந்தச் சாதனத்திலிருந்து எழுவது என்ற வரிசைப் பட்டியல் ஃபர்ம்வேரிடம் இருக்கும். வழக்கமாக உள்ளே இருக்கும் டிஸ்க்தான் முதலிடம். எஃப்12 போன்ற விசையை அழுத்தி அந்த ஒரு தடவைக்கு மட்டும் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

3. பழைய பயாஸ் முறையில், சாதனத்தின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்கிருக்கும் துண்டு நிரலை அப்படியே ஓட்டிவிடும். இதை எம்பிஆர் என்பார்கள். யூஇஎஃப்ஐ முறை வேறு. அதற்குக் கோப்புறை, கோப்பு எல்லாம் படிக்கத் தெரியும். பென்டிரைவில் 'ஈஎஃப்ஐ' என்ற கோப்புறைக்குள் 'பூட்' என்ற கோப்புறை, அதற்குள் 'பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ' என்ற கோப்பு இருக்கிறதா என்று தேடும்.

4. செக்யூர் பூட் என்ற பாதுகாப்புச் சோதனை இயக்கத்தில் இருந்தால், அந்தக் கோப்பை ஓட்டுவதற்கு முன் அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும். தோட்டத்தில் ஆள் கூடும் காலைப் பெரட்டில் கிராணி (எழுத்தர்) செக்ரோல் என்ற பெயர்ப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆளை வேலைக்கு அனுப்புவார் இல்லையா, இங்கேயும் அதே முறைதான். பட்டியலில் பேர் இல்லாத கையொப்பம் படியைத் தாண்டாது.

5. அதன்பின் பென்டிரைவில் இருக்கும் ஒரு சிறிய விண்டோஸ், ரேமுக்குள் ஏறி ஓடத் தொடங்கும். மொழி, விசைப்பலகை கேட்கும் அந்த நிறுவல் திரை அதிலிருந்துதான் வருகிறது. உள்ளே இருக்கும் டிஸ்க்கை அது இன்னும் தொடவில்லை. எந்த இடத்தில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் நீங்கள் அழிக்கச் சொல்லும்வரை ஒரு கோப்பும் போகாது. பதற்றத்தில் பலர் மறந்துவிடுவது இது. அந்தத் திரைக்கு முன்னால் எந்த நேரத்திலும் கணினியை அணைத்துவிட்டு வெளியேறலாம்.

வெறும் காப்பி ஏன் போதாது

இயங்குதளம் ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பாகப் பதிவிறங்கும். ஒரு முழு டிவிடியின் உள்ளடக்கத்தை, அதன் அமைப்பு மாறாமல், ஒரே கோப்பில் அடக்கி வைத்திருப்பது அது. அந்தக் கோப்பை இழுத்துப் பென்டிரைவில் போட்டால், ஃபர்ம்வேர் பார்க்கும்போது அங்கே இருப்பது ஒரே ஒரு பெரிய கோப்பு. மூன்றாம் படியில் சொன்ன முதல் 512 பைட்டில் நிரல் இல்லை, 'ஈஎஃப்ஐ' கோப்புறையும் இல்லை. எனவே பென்டிரைவை ஒதுக்கிவிட்டு அடுத்த சாதனத்துக்குப் போய்விடும்.

அப்படியென்றால் ஐஎஸ்ஓவைத் திறந்து உள்ளிருக்கும் கோப்புகளைக் காப்பி செய்தால்? யூஇஎஃப்ஐ கணினியில் அது உண்மையிலேயே வேலை செய்யக்கூடும். காப்பி பண்ணினால் போதும் என்ற பேச்சில் இருக்கும் பாதி உண்மை இதுதான். பென்டிரைவ் ஃபேட்32 என்ற சேமிப்பு வடிவத்தில் இருந்தால் எல்லா யூஇஎஃப்ஐயும் படிக்கும், தேடும் கோப்பும் அதே இடத்தில் கிடைக்கும். ஆனால் ஃபேட்32-இல் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இன்றைய விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் 'இன்ஸ்டால்.விம்' என்ற கோப்பு அந்த அளவை மீறிவிடுகிறது. காப்பி பாதியில் நின்று, கோப்பு பெரிதாக இருக்கிறது என்ற செய்தி வரும். பென்டிரைவில் பத்து ஜிபி காலியாக இருக்கும்போது அந்தச் செய்தியைப் பார்ப்பவர்கள் பென்டிரைவ் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். சரி, பெரிய கோப்பை ஏற்கும் என்டிஎஃப்எஸ் வடிவத்துக்கு மாற்றலாம் என்றால், பல யூஇஎஃப்ஐக்களுக்கு என்டிஎஃப்எஸ் படிக்கத் தெரியாது.

இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் எழுதும் கருவிகளின் வேலை. மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவியான மீடியா கிரியேஷன் டூல், அந்தப் பெரிய கோப்பை இன்னும் இறுக்கிச் சுருக்கி 4 ஜிபிக்குள் கொண்டுவந்து ஃபேட்32-இலேயே வைக்கிறது. ரூஃபஸ் என்ற இலவசக் கருவி வேறு வழியில் போகிறது. பென்டிரைவின் பெரும்பகுதியை என்டிஎஃப்எஸ் ஆக்கிவிட்டு, கடைசியில் ஒரு சின்னப் பகுதியை ஃபேட் வடிவத்தில் ஒதுக்கி, என்டிஎஃப்எஸ் படிக்கக் கற்றுக்கொடுக்கும் நிரலை அங்கே வைத்துவிடுகிறது.

பதிவிறக்கமும் கருவியும்

முதல் தடையே பதிவிறக்கம்தான். விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல். வீட்டில் ஃபைபர் இல்லாமல் கைப்பேசி டேட்டாவை நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரம்பில்லாத டேட்டா என்று விற்கப்படும் பல திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி வரம்பு இருக்கிறது. கணினியில் பதிவிறக்கினால் அந்த வரம்பு பாதியிலேயே தீர்ந்துவிடும். கைப்பேசியின் உலாவியிலேயே மைக்ரோசாஃப்ட் பக்கத்தைத் திறந்து ஐஎஸ்ஓவைக் கைப்பேசிக்குள் இறக்கி, பிறகு கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றலாம். கைப்பேசியில் இடம் இருந்தால் போதும்.

பென்டிரைவ் 8 ஜிபியாவது இருக்க வேண்டும். 16 ஜிபி வாங்குவது நல்லது, 20 ரிங்கிட்டை ஒட்டிக் கிடைக்கும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் இணையச் சந்தையிலும் 2 டிபி என்று அச்சடித்து மலிவாக விற்கும் பென்டிரைவ்களைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பது சில ஜிபிதான், கணினிக்குப் பொய்யான அளவைக் காட்டும்படி மாற்றப்பட்டவை அவை. எழுதும்போது பிழையே வராது. நிறுவும்போது பாதியில் கோப்பு காணவில்லை என்று நிற்கும். ரூஃபஸில் பழுதான பகுதிகளைச் சோதிக்கும் ஒரு தெரிவு உண்டு. நேரம் எடுக்கும், ஆனால் போலிப் பென்டிரைவைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எந்தக் கருவி யாருக்கு:

1. கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானது, வேறு சிக்கல் இல்லை என்றால் மீடியா கிரியேஷன் டூல். கேள்விகள் குறைவு. பெரிய பென்டிரைவைச் செருகினாலும் 32 ஜிபி பகுதியை மட்டும்தான் உருவாக்கும், மீதி காணாமல் போனதுபோலத் தெரியும். அது பழுது அல்ல.

2. பழைய கணினி, அல்லது எம்பிஆரா ஜிபிடியா (டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் பழைய முறையா, புதிய முறையா) என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும் என்றால் ரூஃபஸ். 2012, 2013-க்குப் பிறகு வந்த கணினிகளுக்குப் பெரும்பாலும் ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்று வைத்துக்கொள்ளலாம்.

3. பல ஐஎஸ்ஓக்களை ஒரே பென்டிரைவில் வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு வென்டாய். இதில் மட்டும் ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி செய்யலாம், ஏனென்றால் எழும் வேலையை வென்டாய் பார்த்துக்கொள்கிறது.

4. லினக்ஸ் மட்டும் என்றால் பலேனா எட்சர் போதும். லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் பென்டிரைவில் பைட்டுக்குப் பைட்டாக எழுதினாலே எழும்படி தயாரிக்கப்படுகின்றன. விண்டோஸ் ஐஎஸ்ஓ அப்படி அல்ல. எட்சரில் விண்டோஸை எழுதிவிட்டு எழவில்லை என்று தேடுபவர்கள் ஏராளம்.

எந்தக் கருவியானாலும் பென்டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழியும். மாமா வீட்டுக் கல்யாணப் படங்கள் இருக்கும் பென்டிரைவை இதற்கு எடுக்க வேண்டாம்.

இறக்கிய ஐஎஸ்ஓ முழுமையாக வந்ததா என்று பார்க்க ஷா-256 என்ற கைரேகை எண் உதவும். 64 எழுத்து நீளம். ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும் அருகில் உள்ள சிறிய 'சரி' குறியை அழுத்தினால் கணக்கிட்டுத் தரும். தயாரிப்பாளரின் பக்கத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். இணைப்பு அடிக்கடி அறுபடும் இடத்தில் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

அழிப்பதற்கு முன்

கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். மறுநிறுவலில் போவது பெரும்பாலும் 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறை அல்ல. அதை எல்லோரும் நினைவாக எடுத்து வைத்துவிடுவார்கள். நினைவுக்கே வராத மூன்று விஷயங்கள்தான் போகின்றன.

முதலாவது, பிட்லாக்கர் என்ற விண்டோஸ் டிஸ்க் பூட்டின் மீட்புச் சாவி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைக்கப்பட்ட பல புதிய மடிக்கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே தெரியாது. பயாஸில் செக்யூர் பூட்டை மாற்றியவுடன் நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும். எனவே பயாஸுக்குள் போவதற்கு முன்பே, கைப்பேசியில் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் அந்தச் சாவியைப் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். பள்ளிக் கணக்கிலோ வேலையிடக் கணக்கிலோ நுழைந்து அமைத்த கணினியாக இருந்தால், சாவி அந்த நிறுவனத்தின் நிர்வாகியிடம் இருக்கலாம். சாவி இல்லாமல் அந்த டிஸ்க்கில் இருக்கும் எதையும் யாராலும் மீட்க முடியாது, கடைக்காரராலும் முடியாது.

இரண்டாவது, எழுத்துருக்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் கணினிகளில் இது பெரிய இழப்பு. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த தேர்வுத்தாள்கள், கவிதை மனனப் போட்டித் தாள்கள், ஆண்டிதழ்ப் பக்கங்கள் எல்லாம் பழைய குறியாக்க எழுத்துருக்களில் இருக்கும். அந்தக் கோப்புகளுக்குள் உண்மையில் இருப்பது ரோமன் எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அது 'டாக்குமெண்ட்ஸ்' உள்ளே இல்லை, சி டிரைவில் 'விண்டோஸ்' கோப்புறைக்குள் 'ஃபாண்ட்ஸ்' என்ற இடத்தில் இருக்கிறது. அதை எடுக்காமல் அழித்துவிட்டால், வேர்டு கோப்பு பத்திரமாக இருக்கும், திறந்தால் தமிழ் இருக்காது. அந்தப் பழைய எழுத்துரு இப்போது எங்கே கிடைக்கும் என்று தேடித் திரிய வேண்டிவரும். 'ஃபாண்ட்ஸ்' கோப்புறையைத் திறந்து, தமிழ் எழுத்துருக்களை எல்லாம் வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது, கணக்கு மென்பொருளின் தரவு. சிறு வியாபாரிகள் பயன்படுத்தும் சில கணக்கு நிரல்கள், தரவை சி டிரைவின் கீழ் நேராகத் தனிக் கோப்புறையில் வைக்கும். நிரலுக்குள்ளேயே இருக்கும் 'பேக்கப்' வசதியை ஓட்டி, அந்தக் கோப்பை வெளியே எடுத்த பிறகுதான் கணினியைக் கடைக்குக் கொடுக்க வேண்டும்.

கணினி எழவே இல்லை, இவற்றை எப்படி எடுப்பது என்றால் அதற்கும் பென்டிரைவ்தான் வழி. லினக்ஸ் வகைகளான லினக்ஸ் மிண்ட் அல்லது உபுண்டுவைப் பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் 'முயன்று பார்' முறையில் ஓட்டலாம். உள்ளே இருக்கும் டிஸ்க் ஒரு சாதாரணக் கோப்புறையாகத் தெரியும். வேண்டியதை வேறொரு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு அணைத்துவிடலாம். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் அந்த 48 இலக்கம் இங்கேயும் வேண்டும். கடைக்கு எடுத்துப்போவதாக இருந்தாலும், "அண்ணே, ஃபார்மேட் பண்றதுக்கு முன்னால உள்ள இருக்கிறத எடுத்துக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கேட்காதவரை அது வேலையில் சேர்த்தி இல்லை என்றே பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரை

பகுதிகளின் பட்டியல் வரும். 'டிரைவ் 0' என்பது பெரும்பாலும் உள் டிஸ்க். அதற்குக் கீழே 100 எம்பி அளவில் ஒரு 'சிஸ்டம்' பகுதி, 16 எம்பியில் ஒன்று, பெரிய 'பிரைமரி' பகுதி, கடைசியில் 'ரெக்கவரி' என்று இருக்கும். எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து இருக்கும் கணினியில் 'டிரைவ் 1'-உம் வரும், செருகிய பென்டிரைவும் இதே பட்டியலில் தெரியும். சி, டி என்ற எழுத்துகள் இங்கே இருக்காது. அதனால் அளவைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். படங்கள் இருக்கும் டி பகுதி அதே 'டிரைவ் 0'-இல் இருக்கிறதா என்று முன்கூட்டியே விண்டோஸில் பார்த்து அளவுகளைக் குறித்துக்கொண்டு வருவது நல்லது. சந்தேகம் இருந்தால் இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சறுக்கும் இடங்கள்

1. பென்டிரைவ் பூட் மெனுவில் தெரியவில்லை. விண்டோஸ் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' முறையில் முழுமையாக அணையாமல் இருக்கலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் வரும் நீலப் பட்டியலில் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். விசைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: டெல், லெனோவோ எஃப்12, எச்பி எஃப்9, ஆசுஸ் மடிக்கணினி எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லை என்றால், எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அந்த மெனுவை இயக்க வேண்டும்.

2. செக்யூர் பூட் மறுக்கிறது. நான்காம் படியில் கையொப்பம் பட்டியலில் இல்லை என்று பொருள். ரூஃபஸின் 3.17 பதிப்பிலிருந்து அதன் என்டிஎஃப்எஸ் நிரலுக்கு ஏற்கப்பட்ட கையொப்பம் உண்டு, எனவே பழைய ரூஃபஸை மாற்றினால் போதும். வென்டாய் முதல் தடவை மட்டும் தன் சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். செக்யூர் பூட்டையே அணைப்பது கடைசி வழியாக இருக்கட்டும், வேலை முடிந்ததும் திரும்ப இயக்கிவிடுங்கள்.

3. நிறுவும் திரையில் டிஸ்க்கே தெரியவில்லை. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் இது வருகிறது. டிஸ்க் பழுதாகவில்லை. இன்டெலின் விஎம்டி என்ற அமைப்புக்குப் பின்னால் டிஸ்க் இருக்கிறது, நிறுவும் நிரலிடம் அதைப் பார்க்க உதவும் டிரைவர் என்ற துணை நிரல் இல்லை. கணினித் தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென்டிரைவில் ஒரு கோப்புறையில் வைத்து, 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தோன்றும். இந்த இடத்தில் எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்குபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

4. இந்த டிஸ்க்கில் எம்பிஆர் இருக்கிறது, நிறுவ முடியாது என்ற செய்தி, அல்லது அதன் தலைகீழ். பென்டிரைவ் எழுந்த முறையும் டிஸ்க்கின் அமைப்பும் பொருந்தவில்லை. பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரிந்தால், ஜிபிடி என்ற செய்திக்கு யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதையும், எம்பிஆர் என்ற செய்திக்கு அது இல்லாததையும் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கின் அமைப்பை மாற்றுவதற்காக அதை அழிக்கத் தொடங்குவதற்கு முன் இதை முயன்று பார்க்க வேண்டும்.

5. டிரைவர் ஒன்று காணவில்லை என்று தொடக்கத்திலேயே நிற்கிறது. பெரும்பாலும் அரைகுறை ஐஎஸ்ஓ அல்லது மோசமான பென்டிரைவ். ஷா-256-ஐச் சோதித்து, வேறு யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள்.

6. பாதி முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி முதல் திரை வருகிறது. பென்டிரைவிலிருந்தே திரும்ப எழுந்துவிட்டது. முதல் ரீஸ்டார்ட்டில் அதை உருவிவிடுங்கள்.

பேராக்கில் மதியம் இடி மின்னலோடு மழை வருவது வழக்கம். மேசைக் கணினி என்றால் காலையில் தொடங்குவது நல்லது. நடுவில் மின்சாரம் போனாலும் கணினி கெட்டுவிடாது, பென்டிரைவிலிருந்து முதலிலிருந்து நிறுவலாம். பயாஸைப் புதுப்பிக்கும் வேலை அப்படியல்ல. அதை மின்னல் நேரத்தில் செய்யவே கூடாது.

லைசென்ஸ் எங்கே இருக்கிறது

விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் கணினிகளில் உரிமச் சாவி மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கும். 10-க்கு மாறியவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சேவையகத்தில் அந்த மதர்போர்டுக்கான டிஜிட்டல் உரிமம் பதிவாகியிருக்கும். டிஸ்க்கை அழித்தாலும், புதிய எஸ்எஸ்டி போட்டாலும் உரிமம் போகாது. நிறுவும்போது சாவி கேட்டால் 'என்னிடம் சாவி இல்லை' என்று கொடுத்து, முன்பு இருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹோம் இருந்த இடத்தில் புரோ போட்டால் இயங்குரிமை வராது. மதர்போர்டை மாற்றினால்தான் சிக்கல்.

எனவே 'ஆக்டிவேட் பண்ணிய விண்டோஸ்' என்று யாரோ மாற்றியமைத்த ஐஎஸ்ஓ வாங்க எந்தக் காரணமும் இல்லை. உரிமப் பூட்டை உடைக்கும் நிரலுக்கு முழு அதிகாரம் கொடுத்துத்தான் அது ஓடுகிறது. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு அது வேறு என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வங்கிக் கடவுச்சொல் தட்டும் இயந்திரத்தில் அதை விடக்கூடாது.

பழைய அலுவலக மடிக்கணினி வாங்குபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சில கணினிகள் முந்தைய நிறுவனத்தின் பெயரில் மைக்ரோசாஃப்டிடம் பதிவாகியிருக்கும். மறுநிறுவல் முடிந்து இணையத்தில் இணைந்தவுடன் அந்த நிறுவனத்தின் உள்நுழைவைக் கேட்கும். பென்டிரைவால் அதை நீக்க முடியாது, அந்த நிறுவனம்தான் நீக்க வேண்டும். வாங்கும்போதே கடையில் ஒருமுறை 'ரீசெட்' செய்து, இணையத்தில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பயாஸுக்கு யாராவது கடவுச்சொல் போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் 11 ஏற்காத கணினி

டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட்டுக்கு ஏற்ற யூஇஎஃப்ஐ, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், மைக்ரோசாஃப்டின் பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை விண்டோஸ் 11-க்கு வேண்டும். இன்டெலில் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகானவையும்தான் அந்தப் பட்டியலில் உள்ளன. டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே கைவிட வேண்டாம், பல கணினிகளில் அது பயாஸில் அணைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரூஃபஸில் இந்தச் சோதனைகளை நீக்கி எழுதும் தெரிவு உண்டு. அப்படி நிறுவியதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. பெரிய பதிப்பு மாற்றங்கள் தானாக வராமல் நிற்கலாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து மிகப் பழைய சில பிராசஸர்களில் எந்த வழியிலும் எழாது. வீட்டின் ஒரே கணினிக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அங்கே லினக்ஸ் மிண்ட் நல்ல தேர்வு. 4 ஜிபி ரேமில் சுணக்கமின்றி ஓடும், பல ஆண்டுகள் புதுப்பிப்பு வரும், பணம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான டெலிமா தளம் உலாவியில் இயங்குவதால் எந்தச் சிக்கலும் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸின் கணினிப் பதிப்பு ஓடாது, விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருளும் ஓடாது. அவை கட்டாயம் என்றால் லினக்ஸ் உங்களுக்கு அல்ல. நிறுவுவதற்கு முன் 'முயன்று பார்' முறையில் வைஃபை, ஒலி, உங்கள் பிரிண்டர் மூன்றையும் சோதித்துவிடுங்கள்.

நிறுவிய பிறகு

விண்டோஸ் 11 முதல் அமைப்பிலேயே இணையம் கேட்கும். வைஃபை டிரைவர் இல்லாமல் அங்கே மாட்டிக்கொண்டால், ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேபிளில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' இயக்குங்கள், பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே இணைப்பு வந்துவிடும். பிறகு 'விண்டோஸ் அப்டேட்' ஓட்டினால் மீதி டிரைவர்கள் வரும். மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் விண்டோஸுக்குள்ளேயே கிடைக்கின்றன. எடுத்து வைத்த பழைய எழுத்துருக்களை மறுபடி 'ஃபாண்ட்ஸ்' கோப்புறையில் போட்டு, ஒரு பழைய தேர்வுத்தாளைத் திறந்து பாருங்கள்.

லினக்ஸ் எழுதிய பென்டிரைவை விண்டோஸில் செருகினால் சில எம்பிதான் காட்டும், அல்லது ஃபார்மேட் செய்யச் சொல்லும். விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாத அமைப்பு அதில் இருப்பதுதான் காரணம். மறுபடி சாதாரணப் பென்டிரைவாக்க, ரூஃபஸில் 'பூட் ஆகாதது' என்ற தெரிவைக் கொடுத்து ஒருமுறை ஓட்டினால் முழு அளவும் திரும்ப வரும். அழிக்காமல் வைத்திருப்பதாக இருந்தால், எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, எந்த மாதம் எழுதியது என்று ஒரு ஸ்டிக்கரில் குறித்து ஒட்டிவிடுங்கள். செக்யூர் பூட்டுக்கு 2011-இல் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குவதால், மிகப் பழைய பென்டிரைவை நம்பி இருக்காமல் தேவைப்படும்போது புதிய ஐஎஸ்ஓவை இறக்கி எழுதிக்கொள்வதே சரி.